மசியாத பென்டிரைவ்

பென்டிரைவுக்கு வைராக்கியம் வருவது திடீரென்றுதான். நேற்றுவரை கல்யாண வீடியோவையும் மாமனாரின் பக்திப் பாடல்களையும் ஒரே வயிற்றில் சுமந்தது, இன்று ஃபார்மட் செய்யப் போனால் மறுக்கிறது. 'முடியவில்லை' என்று விண்டோஸ் ஒற்றை வரியில் கைவிரிக்கிறது. ஏன் என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடும் போலிருக்கிறது.

வைத்தியர்களுக்கா பஞ்சம்? ஒருவர் கழற்றி மாட்டச் சொல்வார். இன்னொருவர் ஊதச் சொல்வார். கல்லூரியில் படிக்கும் மருமகப்பிள்ளை மட்டும் கறுப்புத் திரையைத் திறந்து 'டிஸ்க்பார்ட்' என்று தட்டுவார். உருப்படியான வைத்தியம் இதுதான். பட்டியலில் டிரைவின் எண்ணைத் தேர்ந்து, எழுதுவதற்கான தடையை நீக்கி, 'கிளீன்' கொடுத்தால் பழைய பார்ட்டிஷன் காலி. புதிதாகப் போட்டு ஃபார்மட் செய்துகொள்ளலாம். எண்ணைத் தேர்வதில்தான் கண்டம். 'கிளீன்' கட்டளை "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. பக்கத்தில் செருகியிருக்கும் குடும்ப ஆல்பம் உள்ள ஹார்ட் டிஸ்க்கையும் அதே பணிவோடு துடைத்துவைக்கும்.

அதற்கும் மசியவில்லையா? உள்ளே ஃபிளாஷ் செல்கள் தேய்ந்து, மாற்றுக்கு ஒதுக்கிய இடமும் தீர்ந்தபின், சில கன்ட்ரோலர் சில்லுகள் தாமாகவே 'இனி வாசிக்க மட்டும்' என்று பூட்டிக்கொள்ளும். ஓய்வுபெற்ற தாசில்தாரைப் போல, பழங்கதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லும். புதிதாக எதையும் ஏற்காது. சொல்லும்போதே நகலெடுத்துக்கொள்வது உத்தமம்.

நடைபாதையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கிய '1 டிபி' என்றால் நோயே வேறு. உள்ளே இருப்பது சில ஜிபி. மிச்சமெல்லாம் ஃபர்ம்வேரின் கற்பனை வளம். அதை ஃபார்மட் செய்தால் என்ன, கும்பாபிஷேகம் செய்தால் என்ன?