மேளக்காரருக்குப் பேர் இல்லையா?

சங்கீத விமர்சகர் என்றால் மயிலாப்பூரில் இருக்க வேண்டும். காலையில் டிகிரி காப்பி, மாலையில் சபா. நான் இருப்பது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இங்கே சபா என்பது மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர். புதிதாக வந்ததும் மறுபடி வெளியிட்டதுமான கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்டு ஒரு சிற்றிதழுக்கு மதிப்புரை எழுதுகிறேன். சன்மானம் அந்த இசைத்தட்டேதான். ‘தெய்வீகம்’ என்று எழுதினாலும் அதுதான், ‘தலைவலி’ என்று எழுதினாலும் அதுதான். கொழுந்துத் தராசில் கழிவு பிடிக்காத சம்பளம் தோட்டத்தில் இது ஒன்றுதான்.

என் கேள்வி ஞானத்துக்குக் குருமார் இருவர். ஒருவர் அந்தக் கோயில் ஸ்பீக்கர். 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் எழும்ப முன்னமே மலையெல்லாம் கேட்கும். மாரியம்மனைப் பெருமாள் பாட்டால் எழுப்புகிறோம், அம்மன் இதுவரை முறைப்பாடு செய்ததில்லை. மற்றவர் அட்டன் ரெக்கோர்டிங் பார்க்காரர். பட்டியல் கொடுத்தால் கேசட்டில் ஏற்றித் தருவார். செம்மங்குடியின் கரகரப்ரியா முடிந்து நாடாவில் நாலு நிமிடம் மிச்சமிருந்தால், அதை வெறுமையாக விட மனசு வராமல் ஒரு சினிமா டூயட்டையும் போட்டுவிடுவார். இன்றைக்கும் மங்களம் முடிந்தால் என் காது அந்த டூயட்டுக்குக் காத்திருக்கிறது.

புதுப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாம் சுத்தம். தம்பூரா மின்கருவிக்குள் இருக்கிறது, தவறு கத்தரிக்குள் போய்விட்டது. பாடகர் இருமியதாகக்கூடச் சரித்திரம் இல்லை.

வேடிக்கை மறுவெளியீட்டில்தான். பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிடம். மணிக்கணக்கில் நாதஸ்வரத்தில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகளை 78 வேகம் என்று பொதுவாகச் சொன்னாலும், ஆரம்ப காலத்துத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 72 வேகத்தில் பதிந்ததை 78இல் சுழற்றினால் சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறிவிடும். பாவம், வித்துவான் இறந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடுவார். நாமும் ‘என்ன விறுவிறுப்பு!’ என்று எழுதுவோம்.

அடுத்தது சலவை. கரகரப்பை எடுக்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்து, சீவாளியின் கூர்மையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். தவிலின் வலந்தலையில் விரல் கூடு பட்டுத் தெறிக்கும் ஓசை, யாரோ தலையணையைத் தட்டுவதாகக் கேட்கிறது. எனக்குக் கரகரப்பே தேவலை. அட்டன் மழையில் தகரக் கூரைக்குக் கீழே பாட்டுக் கேட்டு வளர்ந்த காது இது.

ஒரு நாதஸ்வர மறுவெளியீட்டை என் காம்பிராவில் போட்டுக்கொண்டிருந்தபோது, திருவிழாக்களில் தப்படிக்கும் பக்கத்து லயத்துத் தாத்தா வாசலில் நின்று கேட்டார். முடிந்ததும், “தம்பி, நல்லாத்தான் ஊதுறாரு. மேளம் யாரு?” என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் படம் இருந்தது. நிறுவனத்தின் முத்திரை இரண்டு இடத்தில் இருந்தது. தவில்காரர் பெயர் இல்லை. பதிவான ஆண்டு இல்லை, ஊர் இல்லை. “அடிச்ச மனுசனுக்குப் பேர் இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிய எந்த மதிப்புரையிலும் இத்தனை சூடு இருந்ததில்லை.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் சகிக்க முடியவில்லை. தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்த கை அது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஆவணப்படம் எடுத்தார். அப்படிப்பட்ட ஒருவரின் வாசிப்புக்கும் அட்டையில் பெயர் விட்டுப்போகலாம் என்றால், மற்றவர்கள் கதி என்ன? கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலை மூட்டையில்கூடத் தோட்டத்தின் பெயர், ரகம், எடை எல்லாம் அச்சாகியிருக்கும்.

மறுவெளியீடு செய்யும் ஐயாமாரே, சத்தத்தை அப்படியே விட்டாலும் பரவாயில்லை. வயலின், மிருதங்கம், தவில், கஞ்சிரா வாசித்தவர்களின் பெயரையும், ஆண்டையும், ஊரையும் அட்டையில் போடுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றாவது அச்சடியுங்கள், தெரிந்தவர் யாராவது எழுதி அனுப்புவார்.