தாய்மாமனுக்கு ஆறு நொடி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி. ஏறினால் கண்ணாடிக் கதவு, கதவுக்குள் ஏ.சி., ஏ.சி.க்குள் இருட்டு, இருட்டுக்குள் எடிட்டர் அண்ணாச்சி. குமரி மாவட்டத்தில் கல்யாண மண்டபம் இருக்கிற அளவுக்கு இந்த இனமும் உண்டு. மண்டபத்தில் இவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மண்டபத்துக்கு வந்த அத்தனை பேரையும் இவர் பார்த்திருப்பார். அதுவும் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி.

அதனால் வெளியே வந்தால் தொல்லை. கோட்டாறு சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா அண்ணாச்சி?" என்பார். அந்த மனிதர் மலங்க மலங்க விழிப்பார். எரிசேரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர், போளியைப் பாயசத்தில் பிசையும்போது பப்படத்தையும் சேர்த்து நொறுக்கியவர், தாலிகட்டு நேரத்தில் போனில் பேசிக்கொண்டு நின்றவர் எல்லாரும் இவருக்குப் பழக்கம். அவர்களுக்குத்தான் இவரைத் தெரியாது.

எடிட்டிங் என்றால் துண்டு துண்டாக ஒட்டுவது என்று ஊர் நினைக்கிறது. அண்ணாச்சி கணக்கில் அது பாகப்பிரிவினை. தாய்மாமனுக்கு ஆறு நொடி. சம்பந்திக்கு ஐந்து. அத்தைக்கு நாலு, மோதிரம் போட்டிருந்தால் கூட ஒன்று. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மச்சினனுக்கு மூன்று. கேமராக்காரருக்குக் கொடுத்த சென்ட் பாட்டிலைப் பொறுத்து இது ஏறும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றரை. வேலித் தகராறு இருந்தால் அதுவும் கிடையாது. இந்த அட்டவணை எந்த சாப்ட்வேரிலும் கிடையாது. கல்யாண வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கறக்க வேண்டும்.

"இந்த நீலச் சட்டை ஆரு?"

"பங்காளியாக்கும். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது."

"அப்பம் வெட்டிரட்டா?"

"வெட்டிராதயும்! வெட்டினா அதக் கேக்கதுக்குன்னே பேச வந்துருவான்."

அண்ணாச்சி தொழிலுக்கு வந்தது வி.எச்.எஸ். காலத்தில். ஈ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். கல்யாண வீடியோவும் கேசட் தீரும்வரை ஓடும். இரண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு மிக்ஸர். ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிய வேண்டும். எல்லாம் முடிந்து கேசட்டை உறையில் போடுகிற நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்: "எங்க மாமாவக் காணல்லியே!" நாடாவின் நடுவில் ஆளைச் செருக முடியாது. மாமா நுழைகிற இடத்திலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் மறுபடி பதிய வேண்டும். இல்லாவிட்டால் நகலுக்கு நகல் எடுக்க வேண்டும். அதில் பெண்ணின் பட்டுச்சேலைச் சிவப்பு வழிந்து மாப்பிள்ளை வேட்டியில் ஏறிவிடும். ஒரு மாமாவுக்கு ஒரு ராத்திரி போச்சு.

சென்னையில் 1994-ல் வந்த 'மகாநதி'யையே அவிட் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டார்கள். வடசேரி மாடிக்குக் கம்ப்யூட்டர் ஏறப் பிறகும் காலம் பிடித்தது. பினாக்கிள் கார்டு வந்தது, எடியஸ் வந்தது, மாமாவை எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்றாயிற்று. அண்ணாச்சிக்குக் கை நிற்கவில்லை. பெண் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வந்தாள். மாப்பிள்ளை ஹார்ட்டுக்குள்ளிருந்து வந்தார். 133 அடித் திருவள்ளுவர் சிலை 2000 புத்தாண்டன்று திறக்கப்பட்டது. அதன்பின் வள்ளுவர் ஒரு சுற்றுச் சுற்றி வராமல் அண்ணாச்சியின் எந்தக் கல்யாணமும் தொடங்கியதில்லை.

வள்ளுவருக்கும் இப்போது வேலை போய்விட்டது. பிள்ளைகள் 'சினிமாட்டிக்' கேட்கிறார்கள். பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த முட்டம் கடற்கரையில், கல்யாணத்துக்கு முன்பே ஜோடி கைகோத்து ஓடுகிறது. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டம், அதிகாரம் கேரளத் தொல்லியல் துறைக்கு. எனவே அடுத்த ஓட்டம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில். ஓடி முடித்த பிறகு கொஞ்சம் கல்யாணமும் வருகிறது. மாறாதது ஒன்றுதான். பாக்கி வந்தால் வீடியோ என்று அண்ணாச்சியும், வீடியோ வந்தால் பாக்கி என்று வீட்டுக்காரரும் நின்று, கடைசியில் முதல் பிள்ளையின் காதுகுத்துக்கு ஆர்டர் கொடுக்க வரும்போதுதான் இரண்டும் கைமாறும்.

2019-ல் வந்த டாவின்சி ரிசால்வ் 16 முகம் பார்த்து, ஆள்வாரியாகக் காட்சிகளைப் பிரித்துப் போடும் என்று உதவிக்கு நிற்கும் பையன் சொன்னான். ஒரு கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அத்தை மகளையே கட்டி வந்த குடும்பம் அது. அண்ணன் தம்பி நாலு பேர், மச்சினன்மார் இரண்டு பேர், ஆக ஆறு பேரையும் மிஷின் ஒரே ஆளாக்கி ஒரே கூடையில் தள்ளியது. அண்ணாச்சிக்கு மிஷின் மேல் கோபமில்லை. "அதச் சொல்லிக் குத்தமில்ல மக்கா. கரண்ட் போனா அவியளுக்கே அடையாளம் தெரியாது."

பெரிய அடி ரீல்ஸில்தான் விழுந்தது. டிக்டாக் தடை வந்த கையோடு 2020 ஜூலையில் அது இந்தியாவுக்கு வந்தபோது மொத்தமே 15 நொடி. மூன்று மணி நேரத்தை 720 கூறு போட்டால் ஒரு கூறு. பிறகு ரீல்ஸ் நீண்டது. பார்க்கிறவர் பொறுமை நீளவில்லை. சொந்தக்காரரும் குறையவில்லை. அண்ணாச்சி அட்டவணையை வைத்துக் கூட்டிப் பார்த்தார். தாய்மாமன் ஆறு, சம்பந்தி ஐந்து, அத்தை நாலு. பதினைந்து தீர்ந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இடமில்லை.

யோசித்து யோசித்து ட்ரோனைப் பிடித்தார். மண்டப வாசலில் அத்தனை பேரையும் நிற்கவைத்து, உயரத்திலிருந்து இரண்டே நொடி. எல்லாரும் உண்டு, ஒருவர் முகமும் தெரியாது, எனவே ஒருவருக்கும் குறையில்லை. இனி நிம்மதி என்று இருந்த மனிதரின் முன்னால், மூச்சு வாங்க வந்து போனை நீட்டினார் ஒரு தாய்மாமன்.

"வே, இதுல வாசலுக்கு எடப்பக்கம் ஒரு வெள்ளப் புள்ளி நிக்கில்லா, அது நானாக்கும்."

"ஆமா, நீங்களேதான் அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிய மட்டும் கொஞ்சம் ஸ்லோ மோஷன்ல போடப்பிடாதா?"