எங்களை யானையாகப் பதிந்து தாருங்கள்

அனுப்புவோர்:
சைக்கிள் மிதிப்போர்,
வீதியின் இடது ஓரம் (மணலுக்கும் வாய்க்கால் மூடிக்கும் இடையில்),
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.

பெறுவோர்:
இந்த வீதிக்குப் பொறுப்பானவர் எவரோ, அவர்.

விடயம்: வாகன வகுப்பை மாற்றித் தரக் கோருதல்

மேன்மைதங்கிய ஐயா அல்லது அம்மணி,

பெறுவோர் பெயரை எழுதாமல் விட்டது மரியாதைக் குறைவால் அல்ல, விசாரித்துக் களைத்ததால். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சீ, டீ வகுப்பு மாகாணத்துக்கு. மிச்சமுள்ள ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. இவற்றின் மேல் ஓடுகிறவர்களைப் பார்ப்பது பொலிஸ். ஒழுங்கைக்குள் இருந்து புறப்பட்டு, சின்ன வீதி ஏறி, பெருவீதிக்கு வந்து, கம்பஸ் வாசலில் இறங்கும் பிள்ளை ஒரே காலையில் மூன்று ஆட்சிகளைக் கடக்கிறாள். கடவுச்சீட்டுத்தான் இன்னும் கேட்கவில்லை. பள்ளத்தில் விழுவதென்றாலும் அது எந்த ஆட்சியின் பள்ளம் என்று தீர விசாரித்துவிட்டே விழவேண்டும். ஆகவே உங்களுக்குள் பேசி முடித்து, எவர் பெறுநரோ அவர் இதைப் பிரித்து வாசிக்கவும்.

பிரதேச சபைகள் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். அதன் கீழ் சபைகள் வர்த்தமானியில் வெளியிடுகிற வாகனங்கள், விலங்குகள் மீதான வரி அட்டவணையை நாங்கள் பக்தியோடு பாராயணம் செய்தோம். வியாபாரத்துக்கு ஓடும் சைக்கிளுக்கு 18 ரூபா. வியாபாரமில்லாத சைக்கிளுக்கு 4 ரூபா. கைவண்டிக்கு 10. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் 15. யானைக்கு 50.

4 ரூபாவுக்கு இன்றைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் கறிவேப்பிலைக் காம்பும் வராது. கட்டும் வரிக்கு ஏற்ற மரியாதைதான் கிடைக்கும் என்ற நியாயத்தை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். அதனால்தான் மேலதிகமாக 46 ரூபா கட்டி, யானை வகுப்புக்கு மாறுவதென்று முடிவெடுத்தோம்.

யானைக்குக் கிடைக்கக்கூடிய வசதிகளை யோசித்துப் பாருங்கள். பலாலி வீதியால் யானை ஒன்று போனால், பின்னால் வரும் ஹயஸ் வான் அதன் வாலடியில் வந்து ஹோன் அடிக்குமா? மினிபஸ் அதை முந்தி, முன்னால் குறுக்கே வெட்டி, ஆள் ஏற்றுமா? நிறுத்திய காரின் கதவை யானையின் முகத்துக்கு நேரே ஒருவர் படாரென்று திறப்பாரா? கண்ணாடியை இறக்கி, “எட தம்பி, ஓரத்தால போவன், றோட்டு உன்ர கொப்பன்ரயோ?” என்று யானையிடம் யாராவது கேட்டதுண்டா? ஜேர்மனியில் ஊருக்குள் சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீற்றர் விலகிப் போகவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். யானைக்கென்றால் நம்மவர்கள் அந்த ஒன்றரை மீற்றரைச் சட்டம் இல்லாமலே விடுவார்கள், பத்து மீற்றரும் விடுவார்கள்.

வகுப்பு மாற்றம் கேட்பவர் சேவை விபரம் காட்டவேண்டும் என்பது தெரியும். காட்டுகிறோம்.

1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய் குடித்து, புகை கக்கி, வழியில் மூர்ச்சையாகி நின்றன. அந்தக் காலத்தில் ஊரைச் சுமந்தது நாங்கள். விறகு, அரிசி மூட்டை, வெங்காயம், தண்ணீர்க் கான், காய்ச்சல்காரர், பிள்ளைத்தாச்சி, சில வீடுகளில் மாப்பிள்ளை பொம்பிளை என்று எல்லாம் பாரிலும் கரியரிலும்தான் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவின் புண்ணியத்தில் ரேடியோ செய்தி சொன்னது. பேராசிரியரும் சைக்கிள், பியோனும் சைக்கிள். எந்தத் தத்துவமும் கொண்டுவராத சமத்துவத்தைப் பெற்றோல் தட்டுப்பாடு கொண்டுவந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்கள் ஹான்டிலில் பைகளும் கரியரில் அம்மம்மாக்களும் இருந்தார்கள். ஏறி ஓட இடமில்லை, தள்ளிக்கொண்டு போனோம். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, பெற்றோலுக்கு மறுபடி தட்டுப்பாடு வந்தது. திரும்பவும் எங்களைத் தேடினார்கள். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றர். கொட்டிலுக்குள் சிலந்தி கூடு கட்டிக் கிடந்த றலி, லுமாலா சைக்கிள்கள் துடைத்தெடுக்கப்பட்டன. பெரிய மனிதர்கள் சைக்கிளில் கந்தோருக்கு வந்து இறங்கி, இருதயத்துக்கு அது எவ்வளவு நல்லதென்று பேட்டி கொடுத்தார்கள். பெற்றோல் வந்தது. இருதயம் தானாகவே சுகமாகிவிட்டது.

இத்தனை சேவைக்கும் ஓய்வூதியம் கேட்கவில்லை. ஓரத்தில் மூன்று அடி கேட்டோம்.

போர் முடிந்தபின் வீதிகள் காப்பெற் ஆகின. அதற்கு நன்றி சொல்லாவிட்டால் நாங்கள் நன்றி கெட்டவர்கள். முன்பு பள்ளங்கள் இருந்தன. அவை பணக்காரன் ஏழை பாராமல் எல்லாரையும் ஒரே வேகத்தில் வைத்திருந்தன. இப்போது ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர்தான் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேகத்தில் போகிறவரைப் பார்த்து, வாகனத்தில் ஏதோ பழுதாக்கும் என்று மற்றவர்கள் இரங்குகிறார்கள். வீதி அகலமானது உண்மை. அகலித்த பகுதியில் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருப்பதும் உண்மை. நிறுத்தின வாகனத்துக்கு இடம் இருக்கிறது, நகரும் சைக்கிளுக்கு இல்லை. கட்டட வேலைக்குப் பறித்த மணல், பட்டா வாகனத்தில் வைத்து விற்கும் முலாம்பழம், பாதி எழும்பிய வாய்க்கால் மூடி எல்லாமே இடது ஓரத்தில் குடியிருக்கின்றன. இவற்றை விலத்தி நாங்கள் ஒரு முழம் வலப்பக்கம் வந்தால், பின்னால் வருபவர் தன் முதுசக் காணிக்குள் வேலி தாண்டி வந்துவிட்டோம் என்று நினைக்கிறார்.

காலை எட்டு மணிக்குப் பரமேஸ்வராச் சந்தியைப் பாருங்கள். சந்தைக்கு மரவள்ளியும் கத்தரியும் இறக்கிவிட்டு வெறும் கரியரோடு திரும்பும் கமக்காரர், வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பஸ் மாணவர், பொடியனைப் பின்னால் இருத்தின தகப்பன், இவர்களுக்கு நடுவே ஓட்டோ, கார், பஸ், டிப்பர். இந்தக் கூட்டம் நாளாந்தம் பெரிய சேதமில்லாமல் கலைகிறதென்றால், அதற்குக் காரணம் போக்குவரத்துத் திட்டமிடல் அல்ல. நல்லூர்க் கந்தன் பக்கத்தில் இருக்கிறார் என்பதே.

மோட்டார்காரர்களும் எங்கள்மேல் முறைப்பாடு வைத்திருக்கிறார்கள். பொய்யென்று சொல்லமாட்டோம். மூன்று சைக்கிள் பக்கம் பக்கமாக, சோதனைப் பெறுபேறு முதல் கல்யாணப் பேச்சுவரை கதைத்துக்கொண்டு போவதுண்டு. கை காட்டாமல் வலப்பக்கம் திரும்புவதுண்டு. திரும்பினபிறகு கை காட்டுவதும் உண்டு. ஒரு கையில் போனோடு ஒழுங்கைக்குள் இருந்து பாய்ந்து ஏறுவதுண்டு. இரவில் விளக்கில்லாமல் போவது மிகப் பெரிய குற்றம். மின்சாரம் இல்லாத காலத்தில் டைனமோ வைத்திருந்தோம். மின்சாரம் வந்ததும் கழற்றி எறிந்துவிட்டோம். எதிரே வருபவர் முழு வெளிச்சத்தையும் கண்ணுக்குள் அடிப்பதால் எங்களுக்கென்று ஒரு விளக்கு வேண்டாம் என்று நினைத்தோமோ என்னவோ.

ஆனால் இதில் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. சைக்கிள்காரரும் மோட்டார்காரரும் இரண்டு சாதி அல்லர். முதலாம் ஆண்டில் எங்களோடு மிதித்த பிள்ளை, வேலை கிடைத்து லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்த அன்றே, தான் போய்வந்த ஓரத்தை மறந்துவிடுகிறார். லீசிங் கட்ட முடியாமல் வாகனம் திரும்பிப் போனால் மறுபடி எங்களிடம் வருகிறார். ஒரே வீட்டில் அப்பா மோட்டார் சைக்கிள், மகள் சைக்கிள். காலையில் அப்பா வேறொரு வீட்டு மகளைப் பார்த்து ஹோன் அடிக்கிறார். அதே நேரம் அவருடைய மகளுக்கு வேறொருவர் ஹோன் அடிக்கிறார். சைக்கிள்காரன் மோட்டார்காரனைக் கொலைகாரன் என்கிறான். மோட்டார்காரன் சைக்கிள்காரனைச் சனியன் என்கிறான். பஸ் சாரதி இருவரையும் பொதுவாக ஒரு சொல்லால் அழைக்கிறார். அதை அரச அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்க முடியாது. இத்தனை ஏச்சுக்குள்ளும் வீதியை இப்படிக் கீறிவிட்டவரின் பெயர் ஒருதரம்கூட அடிபடுவதில்லை. இது சாதாரண நிர்வாகத் திறமை அல்ல. நாங்கள் தலை வணங்குகிறோம்.

கோடு கீறத் தெரியாத நாடு என்றும் சொல்லமுடியாது. 1944இல் தொடங்கிய தமிழ்க் காங்கிரசின் சின்னம் சைக்கிள். தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எந்தச் சின்னமும் பக்கத்துச் சின்னத்தின்மேல் ஏறுவதில்லை. கடதாசியில் சைக்கிளுக்கு இவ்வளவு பாதுகாப்புக் கொடுத்த அரசுக்குத் தாரில் கொடுக்க என்ன தயக்கம் என்று விளங்கவில்லை.

முன்னுதாரணம் இல்லை என்று பதில் வரலாம். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை எங்களை ஆண்டார்கள். கோட்டையைப் பெருப்பித்துக் கட்டினார்கள். 1707இல் தேசவழமையைத் தொகுத்துச் சட்டமாக்கினார்கள். சைக்கிள் பாதையை மட்டும் பின்னாளில் தங்கள் ஊருக்கென்று வைத்துக்கொண்டார்கள். அதுவும் சும்மா வரவில்லை. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் வீதி விபத்துகளில் 3000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேல் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் வீதிக்கு இறங்கினார்கள். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை வந்தது. தட்டுப்பாடு தீர்ந்தும் அவர்கள் படித்ததை மறக்கவில்லை. எங்களுக்கு 1990, 2006, 2022 என்று மூன்று தட்டுப்பாடுகள் கிடைத்தன. திருநெல்வேலிக்கு ஒரு முழப் பாதையும் கிடைக்கவில்லை.

அது வெள்ளைக்காரன் ஊர் என்றால், கொலம்பியாவின் பொகொட்டா இருக்கிறது. அங்கே ஞாயிறுகளில் பெருவீதிகளைக் காருக்குப் பூட்டிச் சைக்கிளுக்குத் திறக்கும் வழக்கம் 1974இல் தொடங்கியது. இங்கே எங்கள் கம்பஸ் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய அதே ஆண்டு. அதுவும் தூரமென்றால் நல்லூர் பக்கத்தில்தான் இருக்கிறது. 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றின வீதிகள் வாகனத்துக்குப் பூட்டப்படுகின்றன. எவருடைய அவசரமும் கெட்டுப்போவதில்லை. சுற்றியுள்ள வளவுகள் சைக்கிள் பாக் ஆகி நல்ல காசும் பார்க்கின்றன. முருகனுக்கு 25 நாள் முடிந்தது, மாணவிக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் முடியாதா?

ஆகவே தயவுடன் கேட்டுக்கொள்வதாவது:

1. பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்திக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் இடையில், இரு ஓரமும் மூன்று மூன்று அடி விட்டு ஒரு கோடு கீறித் தாருங்கள்.

2. கீறினபின் அதற்குள் வாகனம், மணல், முலாம்பழம் மூன்றையும் நிறுத்த விடாதீர்கள். முந்திய கோரிக்கையைவிட இது கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

3. பள்ளிக்கூடமும் கம்பசும் தொடங்கும், விடும் நேரங்களில் அந்தத் துண்டில் வேகத்தைக் குறைத்து, அதைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

4. விளக்கில்லாத சைக்கிளை இரவில் மறித்துப் பிடியுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம். அதே இடத்தில் முழு வெளிச்சம் அடித்து வருபவரையும் மறியுங்கள்.

5. மேற்கூறியவை எதுவும் இயலாவிட்டால், எங்களை யானையாகப் பதிந்து அத்தாட்சிப் பத்திரம் வழங்குங்கள். வித்தியாசப் பணம் 46 ரூபாவைக் கட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.

நாட்டில் ஆண்டுதோறும் 2000 பேருக்குக் குறையாமல் வீதியில் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். நடந்தவர்கள், மிதித்தவர்கள், மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

நிதி வரட்டும், அளவீடு நடக்கட்டும், மேலிடம் சொல்லட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள். இன்றைக்குப் பெற்றோல் கிடைக்கிறது. கோடு கீறும் இயந்திரமும் அதில்தான் ஓடும். நாலாவது தட்டுப்பாடு வரும்போது நீங்களும் எங்களோடு இந்த ஓரத்தில்தான் மிதிக்கப்போகிறீர்கள். அதற்குமுன் செய்து முடியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
சைக்கிள் மிதிப்போர்,
திருநெல்வேலி.