ஜங்ஷன் போர்டு

விழுப்புரம் ஜங்ஷன் ஆனது போர்டு மாட்டியதால் அல்ல. சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பாதைகள் வந்து சேர்ந்ததால். சினிமாக்காரர்கள் பலருக்குத்தான் இது புரிவதில்லை.

மார்வெல்காரர்கள் 2008இல் அயர்ன் மேனில் தொடங்கி, ஐந்து படம் தனித்தனியாக ஓட்டிய பிறகே 2012இல் எல்லா ஹீரோக்களையும் ஒரே பிளாட்பாரத்தில் நிறுத்தினார்கள். போட்டி நிறுவனமான டிசிக்கு அவசரம். 2013இல் சூப்பர்மேன் வந்தார், அவருடைய அடுத்த படத்திலேயே பேட்மேனோடு அடிதடி, 2017இல் ஜஸ்டிஸ் லீக். ஃபிளாஷ் யார், சைபோர்க் யார் என்பதெல்லாம் அங்கேதான் விவரமாகத் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல.

நம் லோகேஷ் கனகராஜ் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். 'கைதி' (2019): டில்லி என்றொரு நாயகன், ஒரு லாரி, ஒரே இரவு, பாட்டுகூடக் கிடையாது. 'விக்ரம்' (2022) அதில் கொக்கி போட்டபோது இனித்தது. 'லியோ' (2023) முடிவில் 'விக்ரம்' நாயகன் கமல் குரலில் ஒரு போன் வந்தது. திண்டிவனம் தியேட்டரில் விசில் அந்தப் போனுக்குத்தான் பறந்திருக்கும், கதைக்கு அல்ல. மிச்சக் கதை அடுத்த படத்தில் வருமாம்!

திண்டிவனம்–திருவண்ணாமலை ரயிலும் இப்படித்தான் வருமாம், வருமாம் என்கிறார்கள். 'கைதி' இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை, அந்த ரயிலும்தான்.