உப்புவெளிக் கரையில் ‘மச்’சும் ‘மெனி’யும்: ஓர் இலக்கண ஆய்வு

இலங்கைப் பள்ளிகளில் தரம் 3 முதல் ஆங்கிலம் முறையான பாடம். சில ஆண்டுகளுக்குள் பிள்ளையின் தலையில் ஒரு விதி இறங்குகிறது: எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, எண்ண முடியாததற்கு ‘மச்’. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியிலுள்ள உப்புவெளியில் இவ்விதி செல்லுமா என்பதே ஆய்வுப் பொருள். எண்ண முடியாத ஒன்றைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரைவிடப் பொருத்தமான களம் கிடையாது. வாடைக்காற்று ஓய்ந்து கரைவலை தொடங்கும் மாதங்களே களப்பணிக்கு ஏற்றவை.

முதலில் மரபு. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளில்தான் தொடங்கும் என்று தொல்காப்பியர் தொகைமரபில் வரம்பு கட்டிவிட்டார். ஆங்கில அளவுச்சொற்களில் ‘மச்’, ‘மெனி’, ‘சம்’ மூன்றும் தேறுகின்றன. ‘எனி’ வாசலோடு சரி. ஆய்தத்தைத் தலையில் சுமந்து வரும் ‘ஃபியூ’வுக்கும் இடமில்லை, ஆனால் பிள்ளைகள் அதைப் ‘பியூ’ என்றே சொல்வதால் சலுகை வழங்கலாம். (உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர்கள் தொல்காப்பிய விரோதிகள்.)

அடுத்து மீன். சுறாவை எண்ணலாம். நெத்தலியையும் எண்ணலாம், வேறு வேலை இல்லாதவர்கள். கரையில் அது பெட்டிக் கணக்கில் போகிறது. ஆங்கிலமோ ‘மெனி’ கேட்கிறது. அதே மீன் குழம்பில் இறங்கிவிட்டால் ‘மச்’சுக்கும் சம்மதமாம். காசு இன்னும் மோசம். மனிதன் ஓயாமல் எண்ணும் பொருளையே எண்ண முடியாத பட்டியலில் தள்ளியிருக்கிறார்கள். “டீச்சர், கரைவலை முதலாளி காசை எண்ணிக்கொண்டுதானே இருக்கிறார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், ரூபாவை எண்ணலாம், காசை எண்ண இயலாது என்பதே இலக்கண விடை. அந்தப் பிள்ளை அதன்பின் கேள்வி கேட்காது.

எஞ்சுவது ‘பியூ’. முன்னால் ஓர் ‘அ’ நின்றால் கொஞ்சம் இருக்கிறது. ‘அ’ போனால் இருப்பதும் போதாது. வகுப்பறையில் ஆப்பிள் படம் காட்டி இதை விளக்கவே முடியாது. கரையில் ஒரு பாட்டு வலை போதும். இழுத்தவர்கள் பங்குக்கு நிற்கையில் முதலாளிக்கு மீன் ‘பியூ’. வீட்டில் மனைவியிடம் ‘அ பியூ’. ஐஸ் பெட்டியோடு வந்த வியாபாரியிடம் ‘மெனி, மெனி’. வலையின் மடி ஒன்று, மீனும் அதே மீன். ஆகவே அளவுச்சொல்லை எதிரே நிற்கும் ஆளே தீர்மானிக்கிறார் என்பது எம் முடிபு. கீறிட்ட இடத்துக்குப் பக்கத்தில் ‘யாரிடம்?’ என்று வினாத்தாள் சொல்லாதவரை, பிள்ளைகள் எழுதும் எல்லா விடைக்கும் முழுப் புள்ளி கொடுத்தாக வேண்டும்.