பாறையில் ஏற்றிய பாட்டு

சின்னதாக ஒரு பாட்டுப் பகிர்வுத் தளம் கட்டப் போகிறவர்கள், வடிவமைப்புக் கூட்டத்தைப் புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் போடலாம். 7ஆம் நூற்றாண்டு வாக்கில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் வெட்டி ஏற்றிய இசைக் கோப்பு இன்றும் திறக்கிறது. கிரந்த எழுத்து, ஏழு ராகத்துக்கு ஏழு பகுதி, கடவுச்சொல் கிடையாது. ஏற்றியவர் ஓர் அரசர். தன் பெயரை விட்டுவிட்டு, குரு உருத்திராச்சாரியார் பெயரை மட்டும் போட்டிருக்கிறார். இன்றைய தளத்தில் அவருக்குக் கணக்கே கிடைத்திருக்காது! எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்று தமிழில் ஒரு குறிப்பு வேறு. நரம்புகள் எட்டோ ஏழோ, எந்தக் கருவியிலும் ஓடுமாம்.

ஒரே குறை, உதவிப் பக்கம் இல்லை. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி வருவது எதற்கென அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே மாவட்டத்துத் திருமயத்திலும் இப்படியோர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் தகராறு. தீர்ப்பை வெட்ட இடம் வேண்டுமென்று பாட்டில் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். பாட்டை அழித்து விதிமுறைகளை ஏற்றும் வசதி அப்போதே வந்துவிட்டது. அவற்றை அன்றைக்கும் யாரும் முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள்.