பின்பக்கமாக ஒரு முன்னேற்றம்

குழந்தையை நகர வைக்க, கைக்கு எட்டாத தூரத்தில் பொம்மைகளை வைக்கச் சொல்கிறார்கள். வைத்தோம். கிலுகிலுப்பை, மஞ்சள் வாத்து, அழுத்தினால் ஆங்கிலத்தில் பாடும் யானை. எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்கள் மகன் தலையை வாசல் பக்கம் திருப்பினான். அங்கே அவன் தாத்தாவின் ரப்பர் செருப்பு கிடந்தது. அதுவும் ஒற்றைச் செருப்பு. தேய்ந்தது, வார் மாற்றியது. அன்றே அவனுடைய வாழ்க்கை லட்சியம் முடிவாகிவிட்டது.

அதற்கு முன் புரளும் பருவம் ஒன்று இருந்தது. குப்புறக் கவிழ்வான், திரும்பத் தெரியாமல் அழுவான், மல்லாத்திவிட்டால் உடனே மறுபடி கவிழ்வான். கவிழ்ந்ததற்காக அம்மா கொழுக்கட்டை அவித்தாள். நாங்கள் தின்றோம். சாதிப்பது ஒருவர், சாப்பிடுவது மற்றவர்கள் என்பது இந்த விஷயத்தில் தொன்றுதொட்ட ஏற்பாடு.

பிறகு செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றி, தலை நிமிர்த்தி அசைவதை 5-ஆம் மாதத்துப் பருவமாகவே பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் வகுத்து வைத்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழனையே அப்படி ஆடச் சொன்னார். 17-ஆம் நூற்றாண்டில் எங்கள் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மதுரை மீனாட்சியை ஆடச் சொன்னார். துறவிக்கு இந்த வித்தையெல்லாம் எப்படித் தெரிந்ததோ! ஆனால் ஆடி முடித்த பிள்ளை எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பற்றி இலக்கணம் வாய் திறக்கவில்லை.

எங்களவன் பின்பக்கமாகக் கிளம்பினான். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் காலைவிடக் கைக்கு வலு அதிகம். கை தரையைத் தள்ளத் தள்ள, உடம்பு ரிவர்ஸ் கியர் விழுந்த ஆட்டோ மாதிரி பின்னுக்குப் போகும். இதை அவனுக்கு யார் விளக்குவது? அவன் கணக்கில் செருப்புதான் விலகி ஓடுகிறது. முறைத்தான். இன்னும் மூர்க்கமாகத் துரத்தினான். செருப்பு இன்னும் தூரம் போயிற்று. கடைசியில் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் கால் முட்டி நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். இழுத்து வெளியே விட்டால் தலை நிறைய ஒட்டடை. அப்பாவுக்கு அதிலும் பெருமை. "நாம யாரும் எட்டிப் பாக்காத எடத்தையெல்லாம் இவன்தாம்ல போய்ப் பாக்கான்" என்றார்.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. "எங்க பேரன் ஆறு மாசத்துலயே தவந்துட்டான்" என்பார், தினமும், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அட்டவணையை அவரிடம் காட்டினேன். முட்டி ஊன்றித் தவழ்வது 5 மாதம் முடிந்ததும் வரலாம், 13 மாதம் கடந்தும் வரலாம். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் அப்படித் தவழாமலே நடந்துவிடுகின்றன. "அவுக எங்க பேரனப் பாத்திருக்க மாட்டாக" என்றார். அம்மாதான் அடக்கினாள்: "ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை அஞ்சு வயசு வரைக்கும் பேசவே இல்லையாம். பெறகு மீனாட்சியையே பாடலியா?"

இதற்கிடையில் சித்தப்பா சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்தார். பிள்ளைகள் அதோடு படியில் உருண்டுவிடுவதால் கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை என்றேன். "அங்க குளிரு அதிகம்லா" என்றார். வாக்கரில் இப்போது துவைத்த துணிகள் உட்கார்ந்திருக்கின்றன.

படி தாண்டினால் எங்கள் வீட்டில் பணியாரம். ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பைத் துரத்திப் பின்வாங்கிக்கொண்டிருந்தவன், தேய்ந்து தாழ்ந்துபோன அடுக்களைப் படியில் முதலில் கால், பிறகு டயப்பர், பிறகு தொப்பை என்று ஏறி இறங்கினான். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா உடனே ஆட்சேபணை எழுப்பினார்: "தெரியாமத் தாண்டுனது செல்லாது. உத்தேசம் வேணும்."

"உத்தேசம் இருந்துச்சு மாமா, வாசலுக்குப் போகணும்னு" என்றாள் என் மனைவி. அது யாருக்கு ஆதரவான வாதம் என்று யாருக்கும் விளங்கவில்லை. அடுக்களைப் படியெல்லாம் கணக்கில் வருமா என்று நான் கேட்டேன். தலை இன்னும் பட்டாசாலைப் பக்கம்தான் இருக்கிறது, ஆகவே முழுமையாகத் தாண்டவில்லை என்று அப்பா புதிதாக ஒரு குறிப்பு சேர்த்தார். வழக்குக்குரியவன் நிலைப்படியில் குறுக்கே கிடந்தபடி, பேசுகிறவர் முகத்தையெல்லாம் மாறி மாறிப் பார்த்தான்.

"தாண்டுனது தாண்டுனதுதாம்ல" என்றாள் அம்மா. "அரிசி ஊறப் போட்டாச்சு."

முதல் ஈடு இறங்கிய வாசனைக்குப் பெரியம்மா சுவரோரம் வந்துவிட்டார். "என்ன விசேஷம், தவந்துட்டானா?"

"படியே தாண்டிட்டான்" என்றாள் அம்மா. எந்தப் பக்கமாக என்று பெரியம்மா கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.